டி.வி இல்லாத ராத்திரிகளின் சூப்பர் ஸ்டார்: 'தோடி' ராஜரத்தினம் பிள்ளை கதை

ராத்திரி ஒன்பது மணிக்கு நீங்க என்ன பண்ணிட்டு இருப்பீங்க? ஹாலில் சீரியல் ஓடிக்கிட்டு இருக்கும். கையில் ரீல்ஸ் ஓடிக்கிட்டு இருக்கும். மேட்ச் இருந்தா மேட்ச், இல்லைன்னா ஓ.டி.டி-யில் பாதியில் விட்ட வெப் சீரிஸ். தஞ்சாவூரா இருந்தாலும் சரி, தாம்பரமா இருந்தாலும் சரி, இப்போ எல்லா ஊர் ராத்திரியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

90 வருஷம் முன்னாடி காவிரி டெல்டாவில் அப்படி இல்லை. சென்னைத் தொலைக்காட்சி வந்ததே 1975-ல்தான். திருச்சி வானொலி நிலையம் 1939-ல் வந்தது. அதுக்கும் முன்னால் கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு கிராமத்தில் பொழுது சாய்ந்துவிட்டால் அரிக்கேன் விளக்கு, திண்ணை, தவளைச் சத்தம். அவ்வளவுதான். ஆனால் வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் அந்த ஊர்க்காரர்கள் யாரும் விடிய விடியத் தூங்க மாட்டார்கள். அஞ்சாறு மைல் தள்ளியிருக்கிற ஊர்களிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு ஆட்கள் வந்து இறங்குவார்கள். காரணம், சாமி புறப்பாடு. அதிலும் நாயனம் வாசிக்க வருவது ராஜரத்தினம் பிள்ளை என்று தெரிந்துவிட்டால் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று ஊரே கொண்டாடிய மனுஷன். இவர் பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கு ஒரு குறிப்பு: 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி செய்த சிக்கல் சண்முகசுந்தரம் பாத்திரத்தின் அந்த மிடுக்கு, அந்த முன்கோபம், 'என் நாயனத்துக்கு உரிய மரியாதை வேணும்' என்கிற அந்தப் பிடிவாதம், இதெல்லாம் நிஜத்தில் ஒரு ஆளிடம் இருந்தது என்றால் அது இவரிடம்தான். (படத்தில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். அது தனிக் கதை.)

ஏன் கோடையில் மட்டும் இவ்வளவு கச்சேரி?

இதைப் புரிஞ்சுக்க டெல்டாவின் காலண்டரைப் பார்க்கணும். சம்பா அறுவடை தை மாசத்தில் முடியும். நெல் களத்துக்கு வந்து, களத்திலிருந்து பத்தாயத்துக்குப் போய்விடும். அதுக்கப்புறம் வயலில் பெரிசாக வேலை இல்லை. ஆற்றில் தண்ணீர் வர ஜூன் ஆகிவிடும். 1934-ல் மேட்டூர் அணை வந்தபிறகு ஜூன் 12 என்று ஒரு தேதியே நிலைத்துவிட்டது. ஆக மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என நாலு மாசம் காற்று, நிலா, கையில் கொஞ்சம் நெல் விற்ற காசு, செய்வதற்கு வேலை இல்லை. பெரும்பாலான கோயில்களின் பிரம்மோற்சவம் இந்த மாசங்களில்தான் வரும். ஒரு ஊரில் பத்து நாள் முடிந்தால் பக்கத்து ஊரில் கொடியேறும். நெல்லும் நிலமும் வைத்திருந்த மிராசுதார்களும் மடங்களும் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். டிக்கெட் எல்லாம் கிடையாது.

ஒரு ராத்திரி எப்படிப் போகும் தெரியுமா? ஒன்பது, பத்து மணிக்கு அலங்காரம் முடிந்து சாமி கிளம்பும். தவில்காரர் முதலில் தனியாகத் தட்டி ஆரம்பிப்பார். அப்புறம் கம்பீரநாட்டையில் மல்லாரி. சாமி வருகிறது என்பதற்கான அறிவிப்பு அது. மல்லாரியைக் கேட்டால் உட்கார்ந்திருக்கிறவன் எழுந்திருப்பான். கோபுரவாசல் தாண்டிக் கீழவீதிக்கு வந்ததும் ராக ஆலாபனை தொடங்கும். அங்கேதான் விஷயமே. ஒரே ராகத்தை எடுத்து, கொஞ்சம் வாசிப்பார், சாமி நாலு அடி நகரும். நிற்கும். மறுபடி வாசிப்பார். பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டிருக்கிற பையன்களின் கழுத்து வலிக்கும். வீதி மூலையில் தவில்காரருக்குத் தனி. அப்புறம் பல்லவி. நாலு வீதியும் சுற்றிக் கோயிலுக்குத் திரும்பும்போது கிழக்கே வெளுத்திருக்கும்.

கேட்கிறவர்கள் திண்ணையில் சாய்ந்திருப்பார்கள். வீதி மணலில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். பாதியில் தூங்கி, ஒரு பிர்கா விழும்போது முழித்துக்கொள்வார்கள். நடுவில் எழுந்து போய் சுக்குக் காப்பி குடிப்பார்கள். வாசலில் நின்று கேட்கிற பெண்கள், குழந்தை அழுதால் உள்ளே போய்த் தட்டித் தூங்க வைத்துவிட்டு மறுபடி வருவார்கள். சபாக் கச்சேரி மாதிரி கை கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் கேட்கிற கட்டாயம் இல்லை. இப்போ நாம் பாட்டைப் போட்டுவிட்டு வேற வேலை பார்க்கிறோமே, கிட்டத்தட்ட அந்தச் சுதந்திரம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிடணும். டிக்கெட் இல்லை என்பதால் எல்லோருக்கும் இடம் இருந்தது என்று அர்த்தம் இல்லை. வயலில் உழைத்த தலித் மக்களுக்கு அன்றைக்கு அந்த மாட வீதிகளில் காலடி வைக்க வழியில்லை. கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்ததே 1939-ல்தான். ஆனால் நாயனச் சத்தத்துக்கு வேலி போட யாராலும் முடியாது. ராத்திரி காற்றில் அது வீதியைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, வயலைத் தாண்டிப் போகும். குடிசை வாசலில் உட்கார்ந்து கேட்டவர்களும் ராஜரத்தினத்தின் ரசிகர்கள்தான்.

திருமருகல் பையன்

1898 ஆகஸ்ட் 27. நாகப்பட்டினம் பக்கத்தில் திருமருகலில் பிறந்தார். அப்பா குப்புசாமி பிள்ளை, அம்மா கோவிந்தம்மாள். வைத்த பெயர் பாலசுப்பிரமணியன். தாய்மாமா நடேச பிள்ளை நாதஸ்வர வித்வான். அவர் தத்து எடுத்துக்கொண்டார். பையன் ராஜரத்தினம் ஆனான். பெயருக்கு முன்னால் இருக்கிற 'என்' அந்த மாமாதான். ஜாகை திருவாவடுதுறை. சைவ ஆதீனம் இருக்கிற ஊர். உ.வே.சாமிநாதையர் தன் ஆசிரியர் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படித்தபோது தங்கியிருந்த அதே மடம். பிற்காலத்தில் ராஜரத்தினம் அந்த ஆதீனத்தின் வித்வானாகவே ஆனார்.

பையனை முதலில் நாயனத்தில் உட்கார வைக்கவில்லை. வாய்ப்பாட்டு கற்றுக்கொடுத்தார்கள். பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் பாட்டு. ஆரம்பத்தில் பாடகராகக் கச்சேரியே செய்திருக்கிறார். நாயனம் கைக்கு வந்தது அப்புறம்தான். என்னைக் கேட்டால், இவருடைய வாசிப்பின் ரகசியமே இங்கேதான் இருக்கு. நாயனத்தை ஊதினவர்கள் நிறைய பேர். இவர் நாயனத்தில் பாடினார். பழைய பதிவைக் கேட்டுப் பாருங்க, மூச்சு எடுக்கிற இடம்கூட ஒரு பாடகர் எடுக்கிற இடமாக இருக்கும்.

துண்டும் இடுப்பும்

இப்போ கொஞ்சம் கசப்பான பகுதி. நாயனக்காரர்கள் இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் இல்லாமல் கல்யாணம் நடக்காது, சாமி புறப்படாது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த மரியாதை? சட்டை போடக் கூடாது. பெரிய மனிதர்கள் முன்னால் தோளில் துண்டு இருக்கக் கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். வாசிப்பது நின்றுகொண்டோ நடந்துகொண்டோதான். பாட்டுக்காரருக்கு மேடை, ஜமக்காளம், வெள்ளித் தம்ளரில் பால். நாயனக்காரருக்குப் பந்தலின் ஓரம். இரண்டு பேரும் வாசிப்பது அதே தோடி, அதே கல்யாணி.

ராஜரத்தினம் இதுக்கு எதிராக மேடை போட்டுப் பேசவில்லை, கட்டுரை எழுதவில்லை. உடம்பிலேயே காட்டினார். குடுமியை எடுத்துக் கிராப் வைத்தார். ஷெர்வானி தைத்துப் போட்டார். காதில் வைரக் கடுக்கன், விரலில் மோதிரம், மார்பில் வரிசையாக மெடல்கள். அவருடைய பழைய போட்டோக்களைப் பாருங்க, சமஸ்தான ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். காரில் வந்து இறங்குவார். உட்கார்ந்து வாசிக்க மேடை வேண்டும் என்றார். வாய்ப்பாட்டு வித்வானுக்கு என்ன உண்டோ அது தனக்கும் வேண்டும் என்றார். சன்மானத் தொகையை அவரே சொன்னார். மரியாதைக் குறைவாக ஏதாவது பட்டால் நாயனத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நேரத்துக்கு வராமல் கூட்டத்தைக் காக்க வைத்ததும் உண்டு, வராமலே போனதும் உண்டு.

திமிர் பிடித்தவர் என்றார்கள். இருக்கலாம். அன்றைக்கு இன்னொரு நாயனக்காரர் இதே மாதிரி நடந்திருந்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு ஆளே கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இவரை விட முடியவில்லை. இவர் இல்லாத திருவிழா, திருவிழாவாக இல்லை. அந்தப் பலத்தை அவர் தனக்காக மட்டும் பயன்படுத்தினாரா, எல்லோருக்காகவுமா என்று கேட்டால் பதில் சிக்கல்தான். தொடக்கம் தனக்காகத்தான் என்று தோன்றுகிறது. ஆனால் அவர் உட்கார்ந்த மேடையில் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். அடுத்த தலைமுறைக்கு இடுப்பில் துண்டு கட்டுகிற பழக்கம் போயே போச்சு.

நாயனமே மாறியது

மேடையில் உட்கார்ந்தால் மட்டும் போதுமா? கையில் இருந்த நாயனம் வீதிக்காகச் செய்யப்பட்டது. அதுக்குப் பெயர் திமிரி. குட்டையானது, சுருதி அதிகம், நாலு கட்டை, அஞ்சு கட்டையில் கீச்சென்று பாயும். ஊர்வலத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகணும் இல்லையா? உட்கார்ந்து நிதானமாக மூணு மணி நேரம் ராகம் வாசிக்க அது தோதாக இல்லை. இன்னொரு தொல்லை, சுத்த மத்திமம் அதில் இயல்பாகப் பேசாது. மூச்சையும் உதட்டையும் அடக்கித்தான் அந்த ஸ்வரத்தைக் கொண்டு வரணும். கொஞ்சம் அசந்தால் அபஸ்வரம்.

திருவாவடுதுறைக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை. நாயனம் செய்கிற ஆசாரிகளின் ஊர். அங்கே இருந்த ரங்கநாதன் ஆசாரியும் இவரும் சேர்ந்து இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினார்கள். நீளத்தைக் கூட்டுவது, துளைகளின் இடத்தை மாற்றுவது, வாசித்துப் பார்ப்பது, சரியில்லை என்றால் திரும்ப இன்னொரு மரம். கடைசியில் வந்ததுதான் பாரி நாயனம். சுமார் இரண்டரை அடி நீளம். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. சுத்த மத்திமம் தானாகப் பேசியது. குரலுக்கு நெருக்கமான, கனமான நாதம்.

கூடவே இன்னொரு மாற்றம். சுருதிக்கு ஒத்து ஊதுவார்கள். ஒரே ஸ்வரத்தை மணிக்கணக்கில் விடாமல் ஊத ஒரு ஆள் நிற்பார். ராஜரத்தினம் தம்பூராவைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். பாட்டுக் கச்சேரி மேடையில் இருப்பதெல்லாம் இப்போ நாயன மேடையிலும் இருந்தது.

அந்த நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்வது ஆச்சா மரத்தில். அதுவும் புது மரம் ஆகாது. பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கிற உத்தரம், தூண் மாதிரி வருஷக்கணக்கில் காய்ந்து இறுகின மரம் வேண்டும். டெல்டாவில் ஏதோ ஒரு பாட்டனார் வீட்டைத் தாங்கி நின்ற கட்டை, இன்னொரு ஊர்க் கல்யாணத்தில் கெட்டிமேளம் வாசித்துக்கொண்டிருக்கலாம். இன்றைக்கு வித்வான்கள் கையில் நீங்கள் பார்க்கிற நீள நாயனம் பெரும்பாலும் அந்த இரண்டு பேர் சேர்ந்து கண்டுபிடித்த வடிவத்தின் வாரிசுதான்.

அப்படி என்ன அந்தத் தோடி?

எந்தப் பாட்டுக்காரரைக் கேட்டாலும் சொல்வார்: ராஜரத்தினம் என்றால் தோடி. வேறு ராகமெல்லாம் வாசித்தார்தான். ஆனால் ராத்திரி வீதியில் அவர் தோடியை எடுத்தால் அது முடியும்வரைக்கும் சாமி நகராது.

தோடி கொஞ்சம் கனமான ராகம். முதல் தடவை கேட்கிறவர்களுக்குப் 'பிடிக்குதா இல்லையா'ன்னு தெரியாது. ஸ்வரங்கள் நேராக நிற்காது, ஒவ்வொன்றும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த அசைவுதான் கமகம். மிருதுவான குரலில் இதைப் பாடுவதே கஷ்டம். ஊதுகிற வாத்தியத்தில் வெறும் மூச்சையும் விரலையும் வைத்துக்கொண்டு அந்த அசைவுகளைக் கொண்டு வருவது எவ்வளவு சிரமம் என்று யோசிச்சுப் பாருங்க. இவர் அதை அனாயாசமாகச் செய்வார். மெதுவாக ஒரு ஸ்வரத்தில் நின்று, அதைச் சுற்றி வந்து, அடுத்ததுக்கு ஏறி, திடீரென்று மூணு ஸ்தாயியையும் ஒரே மூச்சில் மின்னல் மாதிரி ஓடி இறங்குவார். கேட்டவர்கள் அந்த ஓட்டத்துக்காகவே காத்திருந்தார்கள்.

கூடத் தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவரே ஒரு பெரிய நட்சத்திரம். இரண்டு பேரும் சேர்ந்தால் அது அன்றைய மல்டி ஸ்டாரர்.

அன்றைக்கு டெல்டாவில் ரசிகர் சண்டையும் இருந்தது. அஜித் - விஜய் அளவுக்கு பேனர் கிழிக்கவில்லை, ஆனால் திண்ணைப் பேச்சில் குறைவே இல்லை. திருவீழிமிழலை சகோதரர்கள் கீர்த்தனை வாசிப்பதில் பேர் போனவர்கள். சாகித்தியத்தின் ஒவ்வொரு சொல்லும் நாயனத்தில் கேட்கும். ராஜரத்தினம் ராகத்துக்கு. கீர்த்தனை சுத்தமா, ராகத்தின் கற்பனையா என்று வாதம் போகும். பாட்டு உலகத்திலேயே இவர் வாசிப்பின் தாக்கம் இருந்தது. ஜி.என்.பாலசுப்பிரமணியம் மாதிரி பெரிய பாடகர்கள் இவருடைய ராக ஆலாபனையைக் கேட்டு வியந்தவர்கள். காலம் காலமாகப் பாட்டுக்காரரைப் பார்த்து நாயனக்காரர் கற்றுக்கொள்வார். இங்கே திசை மாறியது.

தட்டு, ரேடியோ, சினிமா

வீதியில் விடிய விடிய வாசித்த ராகத்தை ஒரு கிராமபோன் தட்டில் அடைக்கச் சொன்னார்கள். 78 ஆர்.பி.எம் தட்டு. ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம். நிமிஷக் கணக்கில் தோடி! யூடியூப் ஷார்ட்ஸுக்கு அன்றைக்கே ஒரு முன்னோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் அந்தத் தட்டு பறந்தது. டெல்டாவுக்கு வந்தே இராதவர்கள், கோயில் வீதியில் நிற்கவே அனுமதி இல்லாதவர்கள், காப்பி ஹோட்டலில் உட்கார்ந்து இவருடைய தோடியைக் கேட்டார்கள். ரேடியோ வந்தபிறகு இன்னும் பரவியது. பூங்காவில் ஒலிபெருக்கி வைத்து ஊர் கூடி ரேடியோ கேட்ட காலம் அது.

கொஞ்ச நாளில் சினிமாவும் கூப்பிட்டது. 1940-ல் வந்த 'காளமேகம்' படத்தில் புலவர் காளமேகமாக ஹீரோ இவர்தான். இயக்குநர் எல்லிஸ் ஆர்.டங்கன், அமெரிக்காவிலிருந்து வந்து தமிழ்ப் படம் எடுத்தவர், எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதிலீலாவதி', எம்.எஸ்.சுப்புலட்சுமியின் 'சகுந்தலை', 'மீரா' எல்லாம் அவர் எடுத்ததுதான். படம் ஓடவில்லை. ராஜரத்தினம் சினிமாவில் நட்சத்திரம் ஆகவில்லை. அதனால் அவருக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை; கோயில் வீதிகள் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

1947, டெல்லி

2023 மே மாதம் புது நாடாளுமன்றக் கட்டடத்தில் செங்கோல் வைத்தது ஞாபகம் இருக்கா? அந்தச் செங்கோலை 1947 ஆகஸ்ட்டில் டெல்லிக்குக் கொண்டு போனது திருவாவடுதுறை ஆதீனக் குழு. அந்தக் குழுவில் ராஜரத்தினம் பிள்ளையும் இருந்தார். சுதந்திரத்துக்கு முந்தைய மாலை, நேருவின் வீட்டுக்குச் செங்கோல் போன ஊர்வலத்தில் ஒலித்தது இவருடைய நாயனம்.

செங்கோலின் அரசியல் பற்றி ஆயிரம் வாதம் ஓடிவிட்டது, அதுக்குள் நான் போகவில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. கீழவீதியில் சட்டை போட உரிமை இல்லாத ஒரு கூட்டத்திலிருந்து வந்தவர், நாட்டின் முதல் பிரதமராகப் போகிறவர் வீட்டு வாசலில், அதிகாரம் கைமாறுகிற நாளில் வாசித்தார். டெல்லிக்காரர்களுக்கு அது என்ன ராகம் என்றுகூடத் தெரிந்திருக்காது.

கையில் நிற்காத காசு

சம்பாதித்தது நிறைய. செலவழித்தது அதைவிட நிறைய. ஐந்து கல்யாணம். சொந்தக் குழந்தை இல்லை. ஒரு பையனைத் தத்து எடுத்து வளர்த்தார். குடிப்பழக்கம் இருந்தது, அதை அவரும் ஒளிக்கவில்லை, அவரைப் பற்றி எழுதினவர்களும் ஒளிக்கவில்லை. ராஜா மாதிரி வாழணும் என்று நினைத்தார், ராஜாவுக்கு இருக்கிற வருமானம் மட்டும் இல்லை. நாளைக்கு என்று சேர்த்து வைக்கிற சுபாவமே அவரிடம் இருக்கவில்லை. இதை ரசிகர்கள் ஒரு வீரம் மாதிரி சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வீட்டுப் பெண்களின் பக்கத்திலிருந்து இந்தக் கதையை யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

1956 டிசம்பர் 12-ம் தேதி சென்னையில் மாரடைப்பு. 58 வயசு. இறக்கும்போது கையில் பெரிசாக எதுவும் இல்லை.

சீடர்கள் இருந்தார்கள். அதில் முக்கியமானவர் காருகுறிச்சி அருணாசலம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கூட வாசிக்கச் சேர்ந்து, குருவின் வழியை அப்படியே பிடித்தவர். அவரை உங்களுக்குத் தெரியும், தெரியாது என்று நினைத்தாலும் தெரியும். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போடுகிற அந்த நாயனம் காருகுறிச்சியாருடையது. இன்றைக்கும் சூப்பர் சிங்கர் மேடையில் அந்தப் பாட்டைத் தொடுகிறவர்களுக்கு வியர்க்கும். அவரும் அதிக நாள் இல்லை, 1964-ல் 43 வயசுக்குள் போய்விட்டார்.

அந்த ராத்திரிகள் எங்கே போச்சு?

ஒரு வாதம் உண்டு. ராஜரத்தினம் நாயனத்தை வீதியிலிருந்து மேடைக்குத் தூக்கினார், அதனால்தான் வீதி காலியானது என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர் கடைசிவரை கோயிலுக்கு வாசித்தவர்தான். வீதி காலியானதுக்கு வேறு காரணங்கள் இருக்கு. செலவு செய்த மிராசுதார் குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போயின. மூணு போகம் வந்த இடத்தில் ஒரு போகத்துக்கே தண்ணீருக்குப் போராட வேண்டிய நிலை வந்தது. டூரிங் டாக்கீஸ் வந்தது. 80-களில் பஞ்சாயத்து டி.வி முன்னால் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க ஊரே கூடியது. 1993-ல் சன் டி.வி வந்தபிறகு கூடவேண்டிய அவசியமும் போய், அவரவர் வீட்டுக்குள் அவரவர் சீரியல். இப்போ அதுவும் போய், ஒரே வீட்டில் நாலு பேர் கையில் நாலு ஸ்கிரீன்.

புறப்பாடு இன்னும் நடக்கிறது. ஆனால் பல ஊர்களில் மூணு மணி நேரத்தில் நாலு வீதியும் முடித்துச் சாமி திரும்பிவிடுகிறது. கூடவே டிராக்டரில் ஜெனரேட்டர், சீரியல் விளக்கு, ஸ்பீக்கரில் சினிமாப் பக்திப் பாட்டு. நடுவில் நாயனக்காரர் வாசிப்பது அவருக்கே கேட்காது. ஒரு ராகத்தை எடுத்து விரிக்க அவருக்கு நேரமும் இல்லை, நின்று கேட்க ஆளும் இல்லை. கல்யாணத்திலும் அதே கதை. ஜானவாசத்துக்கு டி.ஜே, முகூர்த்தத்துக்கு மட்டும் நாயனம். வீடியோக்காரர் 'கொஞ்சம் நகருங்க' என்று சொல்வது தாலி கட்டுகிற நேரத்தில் நாயனக்காரரிடம்தான்.

ஆனாலும் முழுசாக அணைந்துவிடவில்லை. திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் பசங்க நாயனமும் தவிலும் படிக்கிறார்கள். தியாகராஜ ஆராதனை நாயனத்தோடுதான் இன்றைக்கும் தொடங்குகிறது. சிதம்பரத்தில் ஆனி, மார்கழித் திருவிழாக்களில் இன்னும் மல்லாரி கேட்கலாம். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ராஜரத்தினம் பெயரில் ஒரு கலையரங்கம் இருக்கிறது. அங்கே ஏதாவது விழாவுக்குப் போனவர்கள் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள்.

அவரைக் கேட்கணும் என்றால் வழி ரொம்ப சுலபம். யூடியூபில் பெயரைத் தமிழில் போட்டாலே தோடி வந்து நிற்கும். ஒலித்தரம் சுமார்தான், பழைய தட்டின் கரகரப்பு இருக்கும். முதல் நிமிஷத்தில் தள்ளிவிடத் தோன்றும், தள்ளாதீங்க. இயர்போன் வேண்டாம், அந்த வாத்தியம் காதுக்குள் கேட்கச் செய்ததில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மொட்டை மாடிக்குப் போய், போனை ஸ்பீக்கரில் போட்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு, நாலு அடி தள்ளி உட்காருங்க. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சத்தம் என்று கேட்டால், திருவாவடுதுறைக்காரர் வாசிக்கிறார் என்று சொல்லுங்க. பாட்டி, தாத்தா யாராவது டெல்டாவில் வளர்ந்தவர்களாக இருந்தால் அவர்களையும் மேலே கூட்டிக்கொண்டு போங்க. அவர்கள் ஊர்த் திருவிழாவில் யார் நாயனம், எந்த வீதி மூலையில் உட்கார்ந்து கேட்டார்கள், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள் என்று கேளுங்க.